காலநிலை வாக்குறுதிகளும் வன்னி நிலமும் – ஒரு வரலாற்று நோக்கு

1

காலநிலை மாற்றம் பற்றியும் காற்றின் தூய்மை பற்றியும் உலக நாடுகள் எய்திய உடன்பாடுகள், எமது பல்கலைக்கழகங்களிலே பெரும்பாலும் இயற்கை விஞ்ஞானத் துறையினரதும் சர்வதேசச் சட்டத் துறையினரதும் ஆய்வுப் பொருளாகவே இருந்து வந்துள்ளன. வாயுக்களின் அளவு, வெப்பநிலை உயர்வு, உறுப்புரைகளின் பொருள்கோடல் என்பனவே அவ்வாய்வுகளின் அக்கறைக்குரியனவாய் அமைந்தன. அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஓர் அரசு உலக அரங்கிலே அளிக்கும் வாக்குறுதி அந்நாட்டின் எந்த மண்ணிலே, எந்த மக்கள் மீது, எத்தகைய உடைமை உறவுகளினூடாக நிறைவேறுகின்றது என்னும் வினா வரலாற்று வினாவாகும். வன்னிப் பெருநிலப்பரப்பினை, குறிப்பாக முள்ளிவாய்க்காலையும் அதன் சுற்றயலையும் களமாகக் கொண்டு அவ்வினாவை ஆராய இக்கட்டுரை முயல்கின்றது.

இக்களத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வங்கக் கடலுக்கும் நந்திக்கடல் ஏரிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்துண்டே முள்ளிவாய்க்கால். 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை தாக்கிய முல்லைத்தீவுக் கரையின் பகுதி அது. 2009 மே மாதத்தில் உள்நாட்டுப் போரின் இறுதி நாட்கள் அந்நிலத்துண்டிலேயே முடிந்தன. போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான குடிமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுத்துவிட முடியாதென ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் அறிக்கையிட்டது. 2009 டிசெம்பரில் உலகத் தலைவர்கள் கோப்பன்ஹேகன் நகரிலே காலநிலை மாநாட்டிற் கூடியபோது, வன்னி மக்களிற் பெருந்தொகையினர் செட்டிகுளம் மனிக் பாம் முகாம்களில் இருந்தனர். அம்முகாம்கள் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயே. வளர்முக நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10,000 கோடி டொலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் முன்வந்த மாநாடு அது. உலகம் தனது வருங்கால வாழ்வைப் பற்றிப் பேசிய வேளையில், தமது நிலத்திற்குத் திரும்ப முடியாதிருந்த மக்கள் இவர்கள். இவ்விரு நிகழ்வுகளையும் ஒரே வரலாற்றின் பகுதிகளாகக் காணவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

2

முதலில் வாக்குறுதிகளை நோக்குவோம். 1992 இல் ரியோ டி ஜெனிரோவில் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்ட ஐக்கிய நாடுகள் காலநிலை மாற்றச் சட்டகச் சமவாயத்தை இலங்கை 1993 இல் ஏற்புறுதி செய்தது. 1997 இன் கியோட்டோ உடன்படிக்கையில் 2002 இல் இணைந்தது. 2015 டிசெம்பரில் நிறைவேறிய பாரிஸ் உடன்படிக்கையை 2016 செப்டெம்பரில் ஏற்புறுதி செய்தது. கியோட்டோ முறையிலே குறைப்புக் கடப்பாடு கைத்தொழில் வளர்ச்சியுற்ற நாடுகளுக்கு மட்டுமே விதிக்கப்பட்டிருந்தது. பாரிஸ் முறையிலோ ஒவ்வொரு நாடும் தானே தனது பங்களிப்பினை வரைந்து கையளித்தல் வேண்டும். பொறுப்பின் வரலாற்றுப் பங்கீடு தளர்ந்து, எல்லா நாடுகளும் வாக்குறுதி அளிப்போராய் ஆகிய மாற்றம் இது.

2021 இல் இலங்கை கையளித்த திருத்திய பங்களிப்பு, 2030 ஆம் ஆண்டுவரை பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தை வழமைப் போக்கிலிருந்து 14.5 வீதம் குறைப்பதாகக் கூறிற்று. இதில் 4 வீதம் நாட்டின் சொந்த முயற்சி, 10.5 வீதம் வெளிநாட்டு உதவி கிடைத்தால் மட்டுமே. மின்னுற்பத்தியில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுதல், புதிய நிலக்கரி மின்னிலையங்களை அமைக்காமை, 2050 இல் காபன் சமநிலை என்பனவும் அதில் அடங்கின. காட்டுப் பரப்பை 32 வீதமாக உயர்த்துதல் என்பது மற்றொரு வாக்குறுதி.

இவ்விறுதி வாக்குறுதியே எமது ஆய்வின் மையம். 2010 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டின் காட்டுப் பரப்பு 29.7 வீதம். அதனை 32 வீதமாக்க ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீற்றர் நிலம் புதிதாகக் காடாதல் வேண்டும். இது முல்லைத்தீவு மாவட்டப் பரப்பின் பாதியிலும் கூடியது. இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றில் வெளியேற்றும் காபனீரொட்சைட்டு சுமார் ஒரு தொன். உலகச் சராசரி அதன் நான்கு மடங்கிற்கும் மேல். சிறு நாடொன்றின் வாக்குறுதியிலே புகைபோக்கியைக் காட்டிலும் காட்டுக்கு முதன்மை கிடைப்பதன் பொருளாதார அடிப்படை எளிதில் விளங்கும். மின்னிலையத்தை மாற்றுவதற்கு மூலதனம் வேண்டும். காட்டுக்கு வேண்டியது நிலம். இலங்கை நிலத்தின் 80 வீதத்துக்கு மேற்பட்டது அரசின் கையிலே உள்ளதாகக் கணக்கிடப்படுகின்றது. எனவே அரசு மலிவாகக் கொடுக்கத்தக்க வாக்குறுதி காடேயாகும். அந்நிலம் எவ்வாறு அரசின் கைக்கு வந்தது என்பதை இனி நோக்கவேண்டியுள்ளது.

3

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் இவ்வரலாற்றின் திருப்புமுனை. காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய அனைத்தும் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியவை என்று அது விதித்தது. கோப்பிப் பெருந்தோட்டங்கள் பரவிக்கொண்டிருந்த காலம் அது. மத்திய மலைநாட்டிலே துரைமாருக்கு நிலம் விற்பதற்கு வழிசமைப்பதே சட்டத்தின் உடனடித் தேவை. எனினும் அதன் வரைவிலக்கணம் மலைநாட்டோடு நிற்கவில்லை. சில ஆண்டு இடைவெளிக்கு ஒருமுறையே பயிரிடத்தக்க சேனை நிலங்கள், கண்டி மாகாணங்களுக்கு வெளியேயும் காடாக அல்லது தரிசாகவே கருதப்படும் என்று அது கூறிற்று.

சேனைச் செய்கையின் உயிரே அதன் இடைவெளி என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. காட்டை வெட்டிச் சுட்டு, ஓரிரு போகம் குரக்கனும் வரகும் விளைத்து, மண் களைத்ததும் மீண்டும் காடாக விட்டுவிடுதல் அதன் முறை. விட்டுவிடுதல் உழவனின் அறிவு. சட்டம் அதனைக் கைவிடுதல் என வாசித்தது. ஒட்டுசுட்டான் என்னும் ஊர்ப்பெயரே இச்செய்கையின் சான்றாக நிற்கின்றது. அறுவடையின் பின் எஞ்சிய ஒட்டினைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டதென அவ்வூர்த் தான்தோன்றீசுவரர் கோயில் ஐதிகம் கூறும். தண்ணிமுறிப்பு, புதுக்குடியிருப்பு, முத்தையன்கட்டு என வன்னியின் ஊர்ப்பெயர்கள் பலவும் உழைப்பின் வினைகளையும் விளைவுகளையும் தம்முட் கொண்டவை. சட்டப் புத்தகத்தில் ஏறாத உரிமைப் பதிவேடு அது.

1897 இன் தரிசுநிலக் கட்டளைச் சட்டம், 1907 இன் வனக் கட்டளைச் சட்டம், 1931 இன் காணித் தீர்வுக் கட்டளைச் சட்டம் என்பன 1840 இன் தர்க்கத்தையே தொடர்ந்தன. இது இலங்கைக்கு மட்டும் உரிய வரலாறன்று. காட்டில் விழுந்த சுள்ளிகளைப் பொறுக்குவதையும் களவாக்கும் சட்டத்தை ரைன் மாகாணச் சபை 1841 இல் விவாதித்தது; இளம் பத்திரிகையாளரான கார்ல் மார்க்ஸ் 1842 இல் அதனைக் கண்டித்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். பொருளியல் வினாக்களின் பால் தம்மைத் திருப்பிய தூண்டுதல்களுள் ஒன்றாக அவ்விவாதத்தை அவர் பின்னாளிற் குறிப்பிட்டார். ஏழைகளின் வழக்குரிமை, உடைமையாளனின் சட்டத்தால் குற்றமாக மாற்றப்படும் இயக்கத்தை அவர் அங்கு கண்டார். அதே தசாப்தத்திலே வன்னியின் சேனை உழவன் தன் காட்டிலேயே ஆக்கிரமிப்பாளனாகத் தக்கவனானான்.

4

இருபதாம் நூற்றாண்டிலே வன்னி மீண்டும் குடியேறிய நிலமாயிற்று. இரணைமடுக் குளம், 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குடியேற்றத் திட்டங்கள் என்பன யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமற்ற உழவரை இங்கு கொணர்ந்தன. 1970–77 காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தமையால் காடு வெட்டல் விரைவுற்றது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அவ்விலை வீழ்ந்தது. அதே 1977 இன் வன்செயல்களால் பெருந்தோட்டப் பகுதிகளிலிருந்து விரட்டப்பட்ட மலையகத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி எல்லைகளிலே காடு திருத்திக் குடியேறின. காந்தீயம் போன்ற அமைப்புகள் அவர்களுக்குத் துணைநின்றன.

இம்மக்களின் வாழ்வை இலக்கியம் பதிவு செய்தமை கவனத்துக்குரியது. 1973 இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவல் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. காட்டோடு இயைந்தும் காட்டைத் திருத்தியும் வாழும் மாந்தரை அதிலே காண்கிறோம். காடும் வயலும் அவர்களுக்கு எதிரெதிர் உலகங்களல்ல; ஒரே உழைப்பின் இரு பருவங்கள். அந்நாவலின் களமான தண்ணிமுறிப்பு 1980களின் நடுப்பகுதியிலே குடிகளை இழந்தது. கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்களும் 1984 டிசெம்பரில் இடம்பெயர்ந்தனர். பின்னர் போர் வன்னி முழுவதையும் பல தடவை இடம்பெயர்த்தது.

காணிப் பத்திரங்களின் படிநிலை இங்கு முக்கியமானது. உறுதிக் காணி உடையோர் சிலர். அதற்கு அடுத்த நிலையில் ‘பேமிற் காணி’ எனப்படும் அனுமதிப்பத்திரக் காணி உடையோர். கடைநிலையில், எந்தப் பத்திரமும் இன்றி உழைப்பு ஒன்றையே ஆதாரமாகக் கொண்டோர். மலையகத்திலிருந்து வந்தோரிற் பலர் இவ்வகையினர். பத்திரம் வைத்திருந்தோரிலும் பலர் இடப்பெயர்வுகளில் அதனை இழந்தனர். உரிமையை நிரூபிக்கும் சுமையோ 1840 இலிருந்து உழவன் தலையிலேயே உள்ளது.

ஆளற்ற நிலத்திலே காடு வளர்ந்தது. உலக உணவு விவசாய நிறுவனத்தின் வரைவிலக்கணப்படி, 0.5 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பிலே 5 மீற்றருக்கு மேல் உயரும் மரங்கள் நின்று, அவற்றின் விதானம் 10 வீதத்துக்கு மேல் நிலத்தை மூடுமாயின், விவசாயப் பயன்பாடற்ற அந்நிலம் காடாகும். இருபத்தைந்து ஆண்டு இடம்பெயர்வு ஒரு வயற்கரையை இவ்வரைவிலக்கணத்துக்குள் கொண்டுவரப் போதுமானது. செய்மதிப் படம் மரத்தைக் காட்டும். அம்மரம் ஏன் அங்கு முளைத்தது என்பதைக் காட்டாது.

போரின் பின்னர் வடக்கிலே வர்த்தமானிகள் தொடர்ந்தன. 2015 இல் சுண்டிக்குளமும் மடுவீதியும் தேசியப் பூங்காக்களாயின. 2017 இல் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கங்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. நந்திக்கடலின் இறாலும் மீனும் முள்ளிவாய்க்கால், வட்டுவாகல், கேப்பாபிலவு மக்களின் பிழைப்பு. எல்லைக்கற்கள் எங்கே விழும் என்னும் அச்சம் அவர்களிடையே எழுந்தமை இயல்பே. அதே ஆண்டின் தொடக்கத்திலேதான் கேப்பாபிலவைச் சேர்ந்த பிலக்குடியிருப்பு மக்கள், விமானப்படை நிலைகொண்டிருந்த தம் காணிகளுக்காக வீதியோரத்தில் ஒரு மாதம் அமர்ந்திருந்து அவற்றை மீட்டனர்.

இப்பிரச்சினை தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் மன்னார் முசலிப் பகுதிக்குத் திரும்பியபோது, அயற்காடுகள் 2012 இல் வர்த்தமானிப்படுத்தப்பட்டிருந்தன. 2017 இல் மாவில்லு பேணற்காடு அப்பகுதியிலே பிரகடனமாயிற்று. கல்லாறுக் காட்டிலே குடியேற்றத்துக்காக நிலம் வெளியாக்கப்பட்டமை சட்டவிரோதமென மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது. காட்டுச் சட்டத்தை மீறியமை பற்றிய வினாவுக்கு அத்தீர்ப்பு விடையளித்தது. 22 ஆண்டுகள் வெளியே வைக்கப்பட்ட மக்களின் நிலம் எது என்னும் வினா அதனால் முடிந்துவிடவில்லை. துப்பாக்கி வெளியேற்றிய மக்களை வர்த்தமானி வெளியே நிறுத்தும் இயக்கத்திற்கு இனபேதம் இல்லை.

பாரிஸ் உடன்படிக்கையே இவ்வர்த்தமானிகளுக்குக் காரணம் என்று நாம் கூறவரவில்லை. அவற்றுட் சில அதற்கு முந்தியவை. ஆயின் நாட்டின் காட்டு வீதம் உலகக் கணக்கிலே ஏறியதும், பழைய காணிச் சட்டத்துக்குப் புதிய நியாயம் ஒன்று கிடைத்துவிடுகின்றது. முன்பு முடியின் உடைமை என்று சொல்லப்பட்டது இப்போது மனிதகுலத்தின் நன்மை என்று சொல்லப்படும். அச்சட்டமும் உறங்கவில்லை. 2025 மார்ச் 28 ஆம் திகதி வர்த்தமானி, 1931 இன் காணித் தீர்வுச் சட்டத்தின் கீழ் வடக்கிலே ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை கோருமாறு அறிவித்தது. அவற்றுள் முல்லைத்தீவுக் காணிகளும் கிளிநொச்சிக் காணிகளும் அடங்கின. எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வறிவித்தல் காலநிலைக் கொள்கையின் விளைவன்று. ஆயினும் பத்திரமற்றவன் பேசாதிருந்தால் நிலம் அரசினதாகும் என்னும் 1840 இன் இலக்கணம் எமது காலத்திலும் செயற்படுவதற்கு அது சான்று.

5

இவ்விடத்திலே ஒரு மறுப்பு எழலாம். காட்டைக் காப்பது தேவையில்லையா என்று வாசகர் வினவக்கூடும். தேவை என்பதே எமது விடை. வன்னி மக்களுக்கு அது பிறரைக் காட்டிலும் அதிகம் தேவை. வன்னியின் குளங்கள் காட்டினால் வாழ்பவை. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் நாடெங்கும் 600 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. வளியும் அவ்வாறே. தென்னாசிய நாடுகள் எல்லை கடந்த வளி மாசு பற்றி 1998 இல் மாலே பிரகடனத்தைச் செய்தன. 2022 டிசெம்பரில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்த மாசு வடபகுதி உட்பட இலங்கை மீது கவிந்தபோது, நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. நுண்துகள்களுக்கு 2008 இல் இலங்கை விதித்த ஆண்டுச் சராசரி எல்லை கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்த அளவோ 5.

எனவே வினா காடு வேண்டுமா என்பதன்று. யார் செலவில் என்பதே. 900 மெகாவாற்று நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் 2011 இல் இயங்கத் தொடங்கியது. தலைநகரின் வாகனப் புகையும் அதுவும் வெளியேற்றும் காபனுக்கு ஈடாக, நெடுந்தொலைவிலுள்ள வறண்ட வலயக் காடு கணக்கில் எழுதப்படுகின்றது. புகைப்பவன் ஒருவன், ஈடு கொடுப்பவன் வேறொருவன். கணக்கில் எழுதப்படாதனவும் உண்டு. கியோட்டோப் பேச்சுவார்த்தைகளிலே, ஐக்கிய அமெரிக்காவின் வற்புறுத்தலால், கூட்டு இராணுவ நடவடிக்கைகளின் வெளியேற்றம் நாடுகளின் கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. பாரிஸ் முறையிலும் இராணுவ வெளியேற்றத்தை அறிக்கையிடல் நாடுகளின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. முள்ளிவாய்க்காலில் எரிந்தவற்றின் புகைக்கு இக்கணக்கேட்டிலே தனி நிரல் இல்லை. எரிந்தபின் முளைத்த மரத்துக்கு உண்டு.

மேலும், காடு அரசின் கையிலிருப்பதாலேயே பாதுகாப்புறும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எஞ்சிய காடுகளை வனத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டிலே வைத்த 5/2001 ஆம் இலக்கச் சுற்றறிக்கை 2020 இல் நீக்கப்பட்டபோது, அவை பெருமுதலுக்குத் திறந்துவிடப்படும் எனச் சூழலியலாளர் எச்சரித்தனர். அவ்வச்சம் நியாயமானதே. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை இடைநிறுத்திய நாட்டிலே, காபன் வரவாக விற்கத்தக்க காடும் ஒரு பண்டமாகத் தோன்றும். பயன்மதிப்பு பரிமாற்ற மதிப்பாக மாறும் அவ்வேளையில், காட்டின் உடைமையாளர் யார் என்னும் வினா மேலும் கூர்மையடையும்.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு முடிவு தெளிவாகின்றது. ஒரு நாட்டின் காலநிலை வாக்குறுதி அந்நாட்டின் வர்க்க உறவுகளுக்கும் நில உறவுகளுக்கும் மேலே மிதக்கும் ஆவணமன்று. அவ்வுறவுகள் மாறாதிருக்குமாயின், வாக்குறுதியின் பாரம் அவற்றின் வழியே கீழிறங்கி, மிகக் குறைந்த பத்திரம் உடையோர் மீதே சென்று தங்கும். வன்னியிலே போரினால் வெளியேறிய உழவனின் இன்மை, காபன் கணக்கிலே நாட்டின் வரவாக மாறிவிடும் அபாயம் அதனாலேயே எழுகின்றது.

இதிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன. காட்டு எல்லை வரையப்படுமுன் அந்நிலத்தின் குடியிருப்பு வரலாறு ஆராயப்படல் வேண்டும். அவ்வாராய்ச்சியிலே உறுதியும் பேமிற்றும் மட்டுமன்றி, குளக்கட்டு, கிணறு, கோயில், பள்ளிவாசல், மயானம், ஊர்ப்பெயர், முதியோர் சாட்சியம் என்பனவும் சான்றாக ஏற்கப்படல் வேண்டும். உரிமையை நிரூபிக்கும் சுமை உழவனிடமிருந்து அரசுக்கு மாற்றப்படல் வேண்டும். மீளக் குடியேறியோரே காட்டின் காவலராகும் வகையிலே பொதுவுடைமை நிர்வாகம் அமைதல் வேண்டும். வாக்குறுதியின் முதற் பங்கை நிலக்கரியும் வாகனமும் இராணுவமும் செலுத்தல் வேண்டும்.

இக்கடமைகளுள் முதலாவது பல்கலைக்கழகத்தார் கைக்கு எட்டியதே. வன்னியின் வாய்மொழி மரபையும் ஊர்ப்பெயர்களையும் நாட்டார் வழக்காறுகளையும் இலக்கிய மாணவர் சேகரித்து வருகின்றனர். அவை அழகியற் பொருள்கள் மட்டுமல்ல. நிலத்தின் மீது மக்கள் செலுத்திய உழைப்பின் ஆவணங்கள். அடுத்த வர்த்தமானி வெளிவரும் நாளிலே மூன்று மாத அவகாசத்துள் அவை எடுத்துவைக்கத்தக்க சான்றுகளாய் ஒழுங்குபடுத்தப்பட்டிருத்தல் வேண்டும். ஆண்டுகள் தோறும் முதியோரின் நினைவு மறைந்து வருதலால், இப்பணி தாமதிக்கத்தக்கதன்று.